கையில் கொடுத்தாராம்!

“சார், என் கையாலதான் குடுத்தேன். இந்தம்மா கையிலதான் குடுத்தேன். சாமி சத்தியம்!”

ஏஜென்ட் இதைச் சொல்லி முடிப்பதற்குள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்துவிட்டாள். “அட நாசமாப் போறவனே” என்று சொல்ல வந்தாள். ‘அட’ மட்டும்தான் வெளியே வந்தது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டேன்.

விசாரணை அதிகாரி கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். “என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?”

“ஒண்ணும் இல்லைங்க சார்” என்றேன் நான்.

அவர் கேட்டது அம்மாவை. பதில் சொன்னது நான். அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது. எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. பாதி எரிச்சல் ஏஜென்ட் மேல். மீதி என் மேல்.

நாலு வரித் தொழில்

இந்தப் பத்தியைப் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தில் ஓர் அரசு அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை வாசலில் மேஜை போட்டு மனு எழுதிக் கொடுப்பவள் நான். முதலில் டைப்ரைட்டர் இருந்தது. இப்போது கம்ப்யூட்டர். பட்டா மாற்ற வேண்டுமா, முதியோர் பென்ஷன் நின்றுபோனதா, அண்ணன் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டானா, எல்லோரும் என்னிடம் வருவார்கள்.

வருகிறவர்கள் கதையாகச் சொல்வார்கள். அண்ணி சாபம் விட்டதிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் கேட்டுக்கொண்டே மனத்துக்குள் வெட்டிக்கொண்டிருப்பேன். அதிகாரி படிப்பது நாலு வரி. ஐந்தாவது வரியில் அவருக்குக் கொட்டாவி வரும். அதனால் யாருடைய துக்கமாக இருந்தாலும் நாலு வரிக்குள் மடக்கிவிடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு தடவை கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பாய் வந்தார். குவைத்தில் இருபது வருஷம் ஓட்டல் வேலை பார்த்தவர். திரும்பி வந்து பார்த்தால் அவர் வீட்டு மனையில் வேறு யாரோ கக்கூஸ் கட்டியிருக்கிறார்கள். மனுவைப் படித்துக் காட்டினேன். “நல்லாத்தாம்மா இருக்குது. ஆனா நான் சொன்னதுல முக்காவாசியக் காணோமே” என்றார். “அதெல்லாம் ஆபீசுக்குத் தேவையில்லைங்க பாய்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தத் திமிரெல்லாம் என் அம்மா மனு கொடுக்க வருகிற வரைக்கும்தான்.

பிடிமண்

எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வழியில், பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்க வேண்டும். ஊரைச் சுற்றி இருக்கிற நிலத்தில் பெரும்பகுதி ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். பெயரை எழுத மாட்டேன். எழுதினாலும் பத்திரிகை ஆசிரியர் எடுத்துவிடுவார். சாமி பெயரில் நிலம், ஆசாமிகள் கையில் சாவி. இவ்வளவு தெரிந்தால் போதும்.

அந்த நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர்கள் ஊர்த்தெருவிலும் இருந்தார்கள், எங்கள் காலனியிலும் இருந்தார்கள். எங்களுக்கு இருந்தது முக்கால் ஏக்கர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடுவோம், மழை ஏமாற்றினால் கேப்பை. தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டு ஆட்களின் வியர்வைதான் அதில் விழுந்திருக்கிறது.

குத்தகைக்காரர் செத்துப்போனால் நிலம் தானாக வாரிசுக்கு வராது. ஆடி மாதத்தில் ஒருநாள் அறக்கட்டளையின் கச்சேரியில் பேர் மாற்றுவார்கள். பாட்டுக் கச்சேரி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அலுவலகத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். செத்தவர் வீட்டிலிருந்து வயலின் மண்ணை ஒரு பிடி துணியில் முடிந்து கொண்டுபோக வேண்டும். காவல்காரர் வாசலில் நின்று வாரிசின் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். மூன்றாவது கூப்பாட்டுக்குள் போய் நிற்காவிட்டால் நிலம் அறக்கட்டளைக்குத் திரும்பிவிட்டதாக அர்த்தம். போய் நின்றால் அந்த மண்ணை அறக்கட்டளையின் ஏஜென்ட் கையில் கொடுக்க வேண்டும். அவர் அதை வாங்கி, “இன்னார் உழுத மண், இனி இன்னாருக்கு” என்று சொல்லி வாரிசின் கையில் திருப்பிக் கொடுப்பார். கையிலிருந்து கைக்கு மாறினால்தான் குத்தகை மாறியது. பதிவேட்டில் ‘கைமாற்று ஆனது’ என்று எழுதுவார்கள். பத்திரம், ஸ்டாம்பு எதுவும் கிடையாது.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஒரு ஆராய்ச்சி மாணவர் கூட வந்து, “எவ்வளவு அழகான மரபு!” என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை ஊர்த்தெருவில் உட்கார வைத்துச் சொல்லியிருப்பார்கள். காலனிக்கு வந்திருந்தால் வேறு கதை கேட்டிருப்பார்.

குடை நுனி

எங்கள் ஆட்கள் கச்சேரி வாசலுக்குப் போகக் கூடாது. ரோட்டோரப் புளியமரத்தடியில் நிற்க வேண்டும். அங்கிருந்து கூப்பாடு பாதி கேட்கும், பாதி கேட்காது. லாரி போனால் சுத்தமாகக் கேட்காது. தாத்தா செத்த வருஷம் அப்பாவுக்கு முதல் இரண்டு கூப்பாடும் காதில் விழவில்லையாம். மூன்றாவதற்கு வேட்டி அவிழ ஓடியிருக்கிறார்.

சரி, ஓடிப்போய் நின்றாலாவது கையில் வாங்குவார்களா? எங்கள் மண்ணைத் தரையில் ஒரு வாழையிலையில் வைக்கச் சொல்வார்கள். ஏஜென்ட் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், தன் குடை நுனியால் அந்த இலையை நாலு விரற்கடை இந்தப் பக்கம் தள்ளுவார். “ம், எடுத்துக்கினு போ.” அவ்வளவுதான். எங்களுக்கு நடந்த மாற்று அது.

அப்பா இதைச் சொல்லிச் சிரிப்பார். “மண்ணு கீழ இருக்கிறதுதானே? அதான் கீழ வெச்சி வாங்கிக்கினாரு” என்பார். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். “சிரிக்காதயா, சிரிச்சே குட்டிச்சுவராப் போனீங்க எல்லாரும்” என்று அகப்பையால் சட்டியைத் தட்டுவாள்.

அப்பா போன பிறகு அம்மாவின் முறை வந்தது. பதினைந்து வருஷம் இருக்கும். நானும் கூடப் போனேன். அப்போதே திண்டிவனத்தில் மேஜை போட்டு ஊருக்கெல்லாம் சட்டம் பேசிக்கொண்டிருந்தவள்தான் நான். அம்மா, “காசியம்மா” என்ற முதல் கூப்பாட்டுக்கே போய் நின்றாள், நானும் கூடவே போய்ப் பக்கத்தில் நின்றேன். இலையில் வைக்கச் சொன்னார்கள். அவள் வைக்கவில்லை. மண்முடிச்சை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டிக்கொண்டு நின்றாள்.

“ஏ காசி, கீழ வைடி” என்றார் ஏஜென்ட். அம்மாவைவிட அவருக்கு ஏழெட்டு வயது குறைவு.

அம்மா நின்றுகொண்டே இருந்தாள். புளியமரத்தடியில் நின்ற எங்கள் ஆட்கள், “வெச்சிடு காசி, வெச்சிடு, நெலம் பூடும்” என்று கத்தினார்கள். வைத்தாள். குடை நுனி வந்தது, தள்ளியது. அந்த இரும்பு நுனி சிமெண்ட் தரையில் உரசிய சத்தத்தை நினைத்தால் எனக்கு இன்னும் பல் கூசுகிறது. ஊருக்கெல்லாம் மனு எழுதுகிற நான் அங்கே வாயைத் திறக்கவில்லை.

ஆக்கிரமிப்பாளராம்

இதற்குப் பிறகு பைபாஸ் ரோடு வந்தது. எங்கள் வயலை ஒட்டியே வந்தது. அதுவரை அந்தத் திசையில் எச்சில் துப்பக்கூட வராதவர்கள் காரில் வந்து இறங்கி, கையை நீட்டி நீட்டி அளந்தார்கள். பெட்ரோல் பங்க் என்றார்கள், கல்யாண மண்டபம் என்றார்கள்.

கொஞ்ச நாளில் அம்மாவுக்கு நோட்டீஸ் வந்தது. ‘தங்கள் கணவர் இறந்த பின் குத்தகை முறைப்படி கைமாறவில்லை. தாங்கள் ஆக்கிரமிப்பாளர். நிலத்தை விட்டு வெளியேறவும்.’

படித்துக் காட்டினேன். “ஆக்கிரமிப்பாளர்னா இன்னா?” என்றாள்.

“அடுத்தவங்க நெலத்துல பூந்தவங்க.”

“நானா?” என்று கேட்டாள். பிறகு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

எப்படிக் கைமாறவில்லை என்கிறார்கள்? பதிவேட்டின் நகலை எடுத்துப் பார்த்தேன். ஊர்த்தெருக்காரர்கள் பெயருக்கு எதிரே ‘கைமாற்று ஆனது’ என்று இருந்தது. எங்கள் காலனி ஆட்கள் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும், ‘மண் கொண்டுவந்தார். கைமாற்று இல்லை’ என்று இருந்தது. கையெழுத்து கூட முத்து முத்தாக இருந்தது. என்ன அநியாயம் பாருங்கள்! தொட்டால் தீட்டு என்று கையில் கொடுக்க மறுத்தது அவர்கள். கையில் வாங்காததால் நிலம் உனக்கில்லை என்று சொல்வதும் அவர்களே. பதினைந்து வருஷமாகக் குத்தகை மல்லாட்டையை மூட்டை மூட்டையாக வாங்கிக்கொண்டார்களே, அந்த மூட்டைகளுக்கு மட்டும் தீட்டு இல்லையா?

அம்மாவுக்கு மனு எழுத உட்கார்ந்தேன். “அந்தக் கொட நுனிய எழுதுடி” என்றாள்.

“அது வேணாம்மா. அத எழுதினா வேற கேசாயிடும். இழுத்துக்கினு போவும். நெலம் மொதல்ல கைக்கு வரட்டும்.”

“அதாண்டி நடந்தது.”

“நீ சும்மா இரும்மா. எனக்குத் தெரியாதா?”

பதினைந்து ஆண்டுகளாகப் பயிர் செய்து வருகிறார், குத்தகை தவறாமல் அளந்துள்ளார், வேறு ஜீவனம் இல்லை, பெயர் பதிந்து தரவும். நாலு வரிதான். குடை இல்லை.

விசாரணையில்

அதிகாரி நாங்கள் நினைத்தது போல் இல்லை. நிதானமானவர். பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஏஜென்ட் இப்போது வயதாகி, வெள்ளைச் சட்டையில் சந்தனம் மணக்க, வக்கீலோடு வந்திருந்தார். முறைப்படி கைமாற்று நடக்கவே இல்லை என்று வக்கீல் அடித்துப் பேசினார்.

அதிகாரி கேட்டார்: “மண் கொண்டுவந்தார்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் ஏன் கைமாத்தல?”

ஏஜென்ட் வக்கீலைப் பார்த்தார்.

“ஒரு தெருக்காரங்களுக்கு மட்டும் எல்லாப் பக்கத்துலயும் ‘இல்லை’னு இருக்கு. அது என்ன காரணம்?”

வக்கீலுக்கு முகம் மாறிவிட்டது. காரணத்தைச் சொன்னால் அது குத்தகை வழக்காக இருக்காது, தீண்டாமை வழக்காகிவிடும், ஜெயில் வரைக்கும் போகும் என்று அவருக்குத் தெரியாதா? குனிந்து ஏஜென்ட்டின் காதில் என்னமோ சொன்னார். அப்போதுதான் ஏஜென்ட் எழுந்து அந்தச் சத்தியத்தைச் செய்தார். என் கையாலதான் குடுத்தேன். கணக்குப்பிள்ளை தப்பாக எழுதிவிட்டானாம். பாவம், அந்தக் கணக்குப்பிள்ளை செத்து எத்தனையோ வருஷம்.

இன்னொன்றையும் கவனித்தேன். ‘இந்தம்மா’ என்றார். ‘ஏ காசி’ என்று கூப்பிட்ட வாய்!

எனக்கு அந்த நிமிஷத்தில் கோபம் வரவில்லை. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. சந்தோஷம் வந்தது. கொடுத்தேன் என்று அவரே ஒப்புக்கொண்டால் குத்தகை கைமாறிவிட்டது. நிலம் எங்களுடையது. மாட்டிக்கொண்டான் மடையன் என்று நினைத்தேன். அதனால்தான் அம்மா எழுந்ததும் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

“அப்ப, அவர் உங்க கையில குடுத்தார்ங்கறதை நீங்களும் ஒத்துக்கறீங்களா?” என்று அதிகாரி கேட்டார். அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

“ஆமாங்க சார், ஒத்துக்கறோம்” என்றேன்.

வெளியே வந்ததும் அம்மா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே நடந்தாள். “டீ சாப்பிடறியாம்மா?” என்றேன். வேண்டாம் என்றாள். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊர் வருகிற வரைக்கும் என் பக்கம் திரும்பவே இல்லை.

உத்தரவு

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. காலனியே வீட்டு வாசலில் கூடிவிட்டது. நான் நின்றுகொண்டு சத்தமாகப் படித்தேன்.

‘ஏஜென்ட் தன் கையால் பிடிமண்ணை மனுதாரர் கையில் வழங்கியதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டதால், குத்தகை உரிமை மனுதாரர் பெயரில் பதியப்படுகிறது.’

கை தட்டினார்கள். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அத்தை குலவையே போட்டாள். அம்மா மட்டும், “திருப்பிப் படி” என்றாள். படித்தேன். “இன்னொரு வாட்டி.” படித்தேன்.

“இதுக்கு மேல போட முடியுமா?”

“எதுக்கும்மா மேல? நாமதான் ஜெயிச்சிட்டோமே!”

“அவன் குடுக்கல. குடுத்தான்னு கவர்மெண்டு எழுதி வெச்சிருக்குது. நாளைக்கு உம் புள்ள படிச்சா, அந்த ஏஜென்ட்டு தங்கமானவன்னு இல்ல நெனப்பான்?”

“அம்மா, அவர் குடுத்தாருன்னு சொன்னதாலதான் நெலமே வந்தது. இல்லன்னு சொன்னா உத்தரவே ஆட்டம் கண்டுடும்.”

“பொய்யி மேல நின்னுக்கினு என்னிய மல்லாட்டை வெதைக்கச் சொல்றியா?”

கன்னியம்மா அத்தை அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். “வாணாம் காசி, வந்ததக் கெடுத்துக்காத. உனக்கு வந்தா நாளைக்கு எங்களுக்கும் வரும்.”

“உங்களுக்கும்தாண்டி சொல்றேன்” என்றாள் அம்மா. “உங்களுக்கும் இதே பொய்யச் சொல்லித்தான் குடுப்பான். அப்புறம் கொடையால தள்ளினவன்னு ஒருத்தன் இருந்தானான்னே யாருக்கும் தெரியாமப் பூடும்.”

நான் பேஜாராகிப்போய் எழுந்து திண்டிவனத்துக்கே வந்துவிட்டேன். அம்மாவோடு சண்டை. பத்து நாள் போன் பேசவில்லை. எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர், ஜெயித்த கேசுக்கு அப்பீல் போடும் முதல் பொம்பளை உங்கம்மாதான் என்று விழுந்து விழுந்து சிரித்தார். நிலம் போனாலும் போகலாம், யோசித்துச் செய்யுங்கள் என்றும் சொன்னார். அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. நானும் பத்து நாளாக மனத்துக்குள் அதே சிரிப்பைத்தான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பதினொன்றாவது நாள் காலையில் அம்மாவே வந்தாள். மேஜைக்கு எதிரே, மற்ற மனுதாரர்களோடு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். “எழுத முடியுமா? இல்ல, வேற ஆளப் பார்க்கட்டுமா?” என்றாள்.

“சொல்லும்மா” என்றேன்.

சொன்னாள். புளியமரத்திலிருந்து ஆரம்பித்தாள். அப்பா வேட்டி அவிழ ஓடியது, வாழையிலை, ‘கீழ வைடி’, குடையின் இரும்பு நுனி, எல்லாம் சொன்னாள். நான் எதையும் வெட்டவில்லை. எதை வெட்டுவது? மூன்று பக்கம் வந்தது. வரிசையில் நின்றவர்கள் ஜல்தி ஜல்தி என்று முனகுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

“முடிஞ்சுதாம்மா?”

“இன்னும் ஒண்ணு இருக்குது. அன்னிக்கு விசாரணையில ‘ஆமா’ன்னு சொன்னது நான் இல்ல. எம் பொண்ணு. அதையும் எழுது.”

கீபோர்டில் என் கை நின்றுவிட்டது. அம்மா என்னைத் திட்டியிருக்கலாம், அத்தனை பேர் முன்னால் அறைந்திருக்கலாம். அவள் கோபமாகக்கூட இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னாள், அவ்வளவுதான். அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு அடித்தேன்.

விழுப்புரத்தில்

மேல்முறையீட்டைக் கொடுக்க இரண்டு பேரும் விழுப்புரம் போனோம். அது இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. தீர்ப்பு எப்படி வரும், முக்கால் ஏக்கர் இருக்குமா போகுமா என்று எனக்குத் தெரியாது. அம்மா இந்தப் பட்டத்துக்கு விதைத்துவிட்டாள்.

அன்று மனுவை வாங்கிய எழுத்தர், மூன்று பக்கத்தையும் நின்றபடியே படித்தார். கொட்டாவி விடவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

“பொண்ணுன்னு ஒருத்தங்களை எழுதியிருக்கீங்களே, அவங்க யாரு? எங்க இருக்காங்க?”

அம்மா என்னைக் காட்டவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான்தாங்க.”

“அன்னிக்கு ஆமான்னு சொன்னீங்க. இதுல இல்லைன்னு எழுதியிருக்கு. எதும்மா நெசம்?”

“அன்னிக்கு நான் சொன்னது பொய்ங்க” என்றேன். குரல் எனக்கே அதிகச் சத்தமாகக் கேட்டது. ஹாலில் இரண்டு மூன்று பேர் திரும்பினார்கள். “அவரு கையில குடுக்கல. எங்கம்மா ரெண்டு கையையும் நீட்டிக்கினு நின்னாங்க. கீழ வைடின்னு சொல்லி, கொட நுனியால தள்ளினாரு. நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். என் கண்ணால பார்த்தேன்.”

எழுத்தர் கடைசிப் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். “அப்ப நீங்களும் சாட்சின்னு எழுதி, கையெழுத்துப் போடுங்க” என்றார்.

போட்டேன்.